பேனாக் கோட்டின் உயிர்ப்பு

கேள்வி: பரோக் காலப் பேனாக் கோட்டோவியங்கள், முழுமையான வண்ண ஓவியங்களைவிட உயிரோட்டமாகத் தெரிவது ஏன்?
– வாசகர், பென்னாகரம், தருமபுரி மாவட்டம்

பதில்: பரோக் பாணி செழித்த 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இவ்வகை வரைவுகள் பெரும்பாலும் பயிற்சிக்கும் முன்வரைவுக்கும் உரியவை. இறகுப் பேனா மெல்லிய, வளைந்தோடும் கோட்டைத் தரும்; நாணல் பேனா தடித்த, முரட்டுக் கோட்டைத் தரும். மையை எளிதில் அழிக்க முடியாது. கை விரைந்த இடமும் தயங்கிய இடமும் தாளிலேயே தங்கிவிடுகின்றன. உணர்ச்சி அங்கிருந்துதான் பிறக்கிறது.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் (1606–1669) ஏறத்தாழ 1656-இல் வரைந்த, குழந்தை நடை பழகும் காட்சியில் முகங்களுக்குச் சில கீற்றுகளே உண்டு. குழந்தையைப் பிடித்திருப்பவரின் குனிந்த முதுகும், எதிரே குந்தியிருக்கும் தந்தையின் நீட்டிய கைகளும் பாசத்தைக் காட்டிவிடுகின்றன. இத்தாலியரான குவெர்சினோ (1591–1666) கோட்டின்மேல் நீர்த்த மையைப் பூசி ஒளி நிழலை உருவாக்கினார்.

 

தமிழகத்தில் ஓவியர் கே.எம். ஆதிமூலம் (1938–2008) காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி வரைந்த காந்தி கோட்டோவியங்கள் பரோக் பாணியைச் சேர்ந்தவை அல்ல. ஆயினும் கோட்டின் வேகமும் அடர்த்தியுமே ஆளுமையை உணர்த்தும் என்பதற்கு அவையும் சான்று.