குன்னூர் வேலிக்கு ஒரு கொடி

கோயம்புத்தூர்,
தை மாதக் கடைசி.

சிரஞ்சீவி மருமகனுக்கு மாமாவின் அநேக ஆசீர்வாதம்.

இவ்விடம் எல்லோரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்தை நீதான் எழுத வேண்டும். ஏனெனில், பக்கம் பக்கமாக நீ எழுதியிருந்த கடிதத்தில் வேலியின் நீளமும் கம்பியின் துருவும் நர்ஸரிக்காரன் சொன்ன விலையும் விஸ்தாரமாக இருக்கின்றனவே தவிர, இராச் சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, மார்கழியில் பிடித்த இருமல் விட்டதா என்பதற்கு ஒரு வரியும் இல்லை. அக்கா இங்கே வந்திருந்தபோது சொன்னதை நான் முழுவதும் நம்பவில்லை. பாதி நம்பினேன்.

வீட்டைப் பார்க்க வருகிறவர்களின் கண்ணில் முள்கம்பி படாதபடி சித்திரைக்குள் வேலி மறைய வேண்டும், அதற்கு நாஸ்டர்ஷியம் கொடி ஏற்றதா, ஏற்றதானால் விதை ஊன்றுவதா, நாற்று வாங்கி நடுவதா என்று கேட்டிருக்கிறாய். வீட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை; அது அக்காவின் பாத்தியதை, உன் அப்பாவின் யோசனை. கொடி ஏற்றதுதான். விதையா, நாற்றா என்பதை உன் இஷ்டத்துக்கே விடுகிறேன். இரண்டின் குணதோஷங்களையும் பக்ஷபாதமின்றி எழுதுகிறேன், தீர்மானம் உன்னுடையது.

நாற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாஸ்டர்ஷியத்தின் வேர் மிகவும் மிருதுவானது; ஓரிடத்தில் ஊன்றிய பின் அசைத்தால் அதற்குப் பிடிக்காது; பிடுங்கி நட்ட நாற்று வாரக்கணக்கில் முகம் வாடி நிற்கும், அதற்குள் அன்றைக்கே பக்கத்தில் ஊன்றிய விதை முளைத்து அதை எட்டிப் பிடித்துவிடும். இதுவும் போதாதென்று, கொடி ஜாதி, குட்டை ஜாதி என்று இதில் இரண்டு உண்டு. நாற்றுப் பருவத்தில் இரண்டுக்கும் இலை ஒன்றுபோலவே இருப்பதால், விற்பவனுடைய வாக்கைத் தவிர உனக்கு வேறு பிரமாணம் கிடையாது. மலைப் பாதையில் ஒரு நர்ஸரிக்காரர், பெயர் எதற்கு, கொடி என்று சத்தியம் செய்து கொடுத்த நாற்றுகள் ஓரடி உயரத்தில் புதராக உட்கார்ந்துவிட்டு மேலே ஏறவே மறுத்த விருத்தாந்தம் உன் அம்மாவுக்குத் தெரியும். அப்படியும் நாற்றுதான் வேண்டுமென்றால் தாராளமாக வாங்கு.

விதையின் சங்கதி வேறு. பட்டாணி அளவில், சுருக்கம் விழுந்து, பார்ப்பதற்குக் காய்ந்துபோன எதையோ ஒத்திருக்கும் அந்த விதை குழந்தை கையில் கொடுத்தாலும் நழுவாத பெரிய விதையாதலால், ஒவ்வொன்றாக எண்ணி, வேண்டிய இடத்தில் வேண்டியபடி வைக்கலாம். முதல் நாள் இரவு தண்ணீரில் ஊறப் போடு. மறுநாள், செடி எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே, வேலியிலிருந்து ஒரு சாண் தள்ளி, அடிக்கு ஒரு குழியாக, விரலால் முக்கால் அங்குலம் குத்தி, விதையை வைத்து மண்ணை மூடிவிடு. வெளிச்சம் பட்டால் முளைக்கத் தயங்கும் விதை அது. குழிக்கு இரண்டு வைத்து, இரண்டும் முளைத்தால் சோனியானதைக் கிள்ளிவிடலாம். பத்து நாள், குளிர் அதிகமானால் பதினைந்து நாள் பொறுத்துக்கொள். நான்காம் நாளே மண்ணைத் தோண்டிப் பார்க்காதே. உன் சுபாவம் எனக்குத் தெரியும், தம்பி. அந்த வீணையும் அந்த ஹிந்திப் பரீக்ஷையும் எந்த நாளில் நின்றுபோயின என்பதும் எனக்குத் தெரியும்.

பெரு தேசத்து ஆண்டீஸ் மலைகளின் குளிர்ச்சியில் தோன்றி, பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவுக்குப் போன கொடி அது. 1848இல் உதகையில் மக்கைவர் துரை தாவரவியல் தோட்டத்துக்கு அஸ்திவாரம் போட்ட நாளிலிருந்து சீமைப் பூக்களுக்குச் சலிக்காமல் இடங்கொடுத்துவரும் நீலகிரியில் அது சொந்த ஊர்போலப் படர்வதில் ஆச்சரியமில்லை. இங்கே நானும் ஆசைக்குத் தொட்டியில் போடுகிறேன். மாசி வெயில் உறைத்ததும் கருகிவிடுகிறது. அந்த ஊரில் இருக்கக் கொடுத்துவைத்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரிவதில்லை.

இனி, நீ எவ்வளவு கேட்டாலும் நான் விட்டுக்கொடுக்க முடியாத ஒரு விஷயம். எரு போடாதே. சாணி எரு, ஆட்டெரு, பிண்ணாக்கு, கடையில் விற்கும் உப்பு உரம், தேயிலைத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை அன்போடு கொண்டுவந்து கொடுப்பது, ஒன்றும் வேண்டாம்; கல்லும் சரளையுமாக, நீர் தங்காமல் வடிகிற ஏழை மண்ணே அதற்குப் பரம சௌக்கியம். தழைச்சத்து மிகுந்த மண்ணில் அது இலையாகவே வளர்ந்துகொண்டு போகுமே ஒழிய, பூக்க வேண்டும் என்ற நினைவே அதற்கு வராது. இது புஸ்தகத்தில் படித்ததன்று, நம் வேலியிலேயே பிரத்தியட்சமாகக் கண்டது. உன் பாட்டி சுள்ளி நட்டுக் கயிறு கட்டி வளர்த்திருந்த கொடிகள் மாசி மாதத்தில் சற்று வெளிறியிருப்பதைக் கண்ட உன் அப்பா, அளவாகக் கொடுப்பது என்ற ஒன்றையே வாழ்நாளில் அறியாதவராகையால், ஒரு வண்டி தொழுவெருவும் ஒரு மூட்டை கடலைப் பிண்ணாக்கும் வரவழைத்துக் கொட்டினார். மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசும் வழக்கம் பாட்டிக்கு இல்லை. சித்திரையில் ஒவ்வோர் இலையும் சிறு தாமரை இலையாகத் தண்ணீர் முத்தை ஏந்திக்கொண்டு நின்றது வாஸ்தவம். பூவைத் தேட இலைகளை விலக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. விதை சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லி, எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, சாசுவதமாக இருக்கட்டும் என்று அவர் போட்டுக் கொடுத்ததுதான், நீ இப்போது மறைக்க விரும்பும் முள்கம்பி. பழைய கதை, நான் அதை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதவில்லை.

அந்தக் கம்பி இப்போது உனக்கு உபயோகப்படும் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்தக் கொடிக்குப் பற்றுக்கம்பி கிடையாது. இலைக்காம்பையே வளைத்துச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஏறுவது அதன் யுக்தி. 1865இல் ஏறு கொடிகளின் அசைவுகளைப் பற்றி எழுதிய டார்வின், இந்தக் குலத்துக் கொடிகளின் காம்பை இலேசாகத் தேய்த்து, அது வளைய எத்தனை நேரம் பிடிக்கிறது என்று குறித்துவைத்தார். சின்னக் காம்பு ஆகையால் மெல்லிய கம்பியையும் கயிற்றையும்தான் அதனால் பிடிக்க முடியும். மூங்கில் கழி பயனில்லை. மேல் கம்பிக்கும் கீழ்க் கம்பிக்கும் நடுவே சாணுக்கு ஒன்றாகச் சணல் கயிறு கட்டி, இளந்தண்டு வழி தவறும்போது கையால் எடுத்துக் கயிற்றில் சார்த்திவிட்டால், ஆறடி, எட்டடி தானே ஏறும். கறுப்பு அசுவினி வந்தால் தண்ணீரை விசிறிக் கழுவு. கீழ்க் காட்டில் முட்டைக்கோஸ் போட்டிருந்தால் அங்கே முட்டையிடும் வெள்ளைப் பட்டாம்பூச்சி இங்கேயும் வரும், கடுகைப் போன்ற ஒரு காரம் இரண்டு இலையிலும் இருப்பதால். புழுவைக் கையால் பொறுக்கிவிடு. காட்டெருமை வந்தால் ஒன்றும் செய்யாதே, உள்ளே போய்க் கதவைத் தாழிடு.

பூத்தால் சாயங்காலம் பார். லின்னேயஸ் பண்டிதரின் மகள் எலிசபெத் கிறிஸ்டினா, பத்தொன்பது வயதில், அந்தி மயங்கும் வேளையில் இந்தப் பூக்கள் பளிச்சிட்டு மறைவதைக் கண்டு எழுதியதை, 1762இல் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானக் கழகம் பிரசுரித்தது. பச்சை இலைக்கு நடுவே செம்மஞ்சள் நிறம் மங்கிய ஒளியில் கண்ணுக்குக் காட்டும் ஜாலமே அது என்று பிற்காலத்தார் கண்டார்கள். எதுவானால் என்ன, பார்க்க வேண்டுமானால் விளக்கைப் போடாமல், வேலையை மூடிவைத்துவிட்டு, ஒரு நாழிகை வெளியே உட்கார வேண்டும். பூவில்லாத இந்த மாதத்திலேயே நீ உட்காரப் பழகலாம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மாசி பிறந்ததும் ஊன்றினால் சித்திரை நடுவில் இலை வேலியை மூடும், சித்திரைக் கடைசியில் பூக்கும். மூன்று மூன்றாகக் காய்க்கும் விதை முற்றித் தானே உதிர ஆனி ஆகிவிடும்; பொறுக்கி உலர்த்தி வைத்தால்தான் அடுத்த வருஷத்துக்கு. ஆகவே ஆனி வரையில் நீ அங்கே இருப்பது கொடிக்கு நல்லது. அதற்குள் வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் வரட்டும், பார்க்கட்டும், போகட்டும்.

நீ என்ன முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதமே. நாற்றே வாங்கினாலும் குறையில்லை. எழுதினால் அதற்குப் பணமும் அனுப்புகிறேன். இவ்வளவு தூரம் எழுதியதைக் கண்டிப்பென்று எடுத்துக்கொள்ளாதே. இந்தக் குடும்பத்துப் பிள்ளைகளில் மண்ணில் கை வைக்க ஆசைப்பட்டவன் நீ ஒருவன்தான். உன் கடிதத்தை மாமிக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். கிழங்கு வைத்தாலும் பூக்கும் கை உனக்கு என்கிறாள், அது அதிகப்படி என்றாலும் நான் மறுக்கவில்லை. விதைப் பொட்டலம், கம்பளிச் சட்டை, அதிமதுரப் பொடி, மாமி போட்ட நாரத்தங்காய் ஊறுகாய் எல்லாம் ஒரு பையில் தைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் மூலம் அனுப்பியிருக்கிறேன். அவர் வெள்ளிக்கிழமை குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இறங்குவார். பதினோரு மணிக்கே போய் நில், அவர் காத்திருக்க மாட்டார்.

அன்புள்ள,
மாமா.