டீநாய்சரைச் செருகப் போகிறவர்களுக்கு

1. தம்பி, தங்கைகளே, முதலில் நியூரல் நெட்வொர்க் பக்கமே போகாதீர்கள். மங்கிய படம் ஒன்றை எடுத்து, டோட்டல் வேரியேஷனை வைத்து ஏடிஎம்எம் அல்காரிதத்தை நீங்களே எழுதி ஓட்டுங்கள். அளவீட்டு ஆபரேட்டரும் அதன் டிரான்ஸ்போஸும் பொருந்துகின்றனவா என்று இரண்டு ரேண்டம் வெக்டர்களைக் கொடுத்துச் சரிபாருங்கள். நெட்வொர்க்கின் தலையில் போடுகிற பழியில் பாதி இங்கே பிறந்ததுதான்.

2. 2013-இல் வெங்கடகிருஷ்ணன், பௌமன், வோல்பர்க் கவனித்தது இது: ஏடிஎம்எம்மின் ப்ராக்ஸிமல் படி, கணக்குப்படி இரைச்சல் நீக்கும் வேலைதான். அந்த இடத்தில் கையிலிருக்கும் டீநாய்சரைச் செருகிவிடலாம். அன்று பிஎம்3டி போன்றவை. இன்று பயிற்சி பெற்ற நெட்வொர்க்குகள்.

3. செருகிய பிறகு ‘எதைக் குறைக்கிறோம்?’ என்று யாராவது கேட்டால் பொதுவாகப் பதில் கிடையாது. ஒரு கான்வெக்ஸ் சார்பின் ப்ராக்ஸிமல் ஆபரேட்டர் என்றால், அது ஒரு கான்வெக்ஸ் சார்பின் கிரேடியன்டாக இருக்க வேண்டும், இரு புள்ளிகளின் இடைவெளியைப் பெருக்கவும் கூடாது என்பது மோரோ நிறுவியது. சாதாரண நெட்வொர்க்கின் ஜேக்கோபியன் சமச்சீராகக்கூட இருப்பதில்லை. ஆகவே ‘ஆற்றலைக் குறைக்கிறோம்’ என்று எழுதாதீர்கள். நிலைப்புள்ளியைத் தேடுகிறோம் என்று எழுதுங்கள். அடுத்தடுத்த இரு படிகளின் வித்தியாசத்தை வரைந்து காட்டுங்கள்.

4. பிஎஸ்என்ஆர் கூடுதலாக வருகிறதே என்று டீநாய்சரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது இடைவெளியைப் பெருக்குகிறதா என்று அறிய, அதன் ஜேக்கோபியனின் மிகப்பெரிய சிங்குலர் மதிப்பை பவர் இட்டரேஷனால் அளந்து பாருங்கள். பயிற்சிப் படங்களில் மட்டும் அளந்தால் போதாது, அல்காரிதம் கடந்துபோகும் இடைநிலைப் படங்களிலும் அளக்க வேண்டும். 2019-இல் எர்னஸ்ட் ரியூ குழுவினர் தந்த ஒருங்கல் தேற்றத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள்; அதன் நிபந்தனையைப் படிப்பவர்கள் குறைவு. அளவீட்டோடு படம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் தரவுப் பகுதி வலுவான கான்வெக்ஸாக இருக்க வேண்டும் என்கிறது அது. வேகத்துக்காகப் பாதி அளவீட்டுக் கோடுகளை விட்டுவிட்டு எடுத்த எம்ஆர்ஐயில், அளக்காத திசைகளில் அந்தப் பகுதி தட்டையாகக் கிடக்கிறது. அங்கே தேற்றம் உங்களுக்குக் கைகொடுக்காது.

5. டீநாய்சருக்குக் கொடுக்கும் சிக்மா என்ற அளவு, கேமராவின் இரைச்சல் அளவு அல்ல. அது ஒரு திருகாணி. திருகித்தான் பழக வேண்டும்.

6. முப்பதாவது படியில் படம் அழகாக இருக்கிறதென்று நிறுத்தாதீர்கள். ஆயிரம் படி விடுங்கள். சில நெட்வொர்க்குகள் அதற்குள் படத்தில் இல்லாத கோடுகளை நெய்துவிடும்.

7. மருத்துவப் படமென்றால், பயிற்சித் தரவில் இல்லாத ஒரு சின்னப் புள்ளியை நீங்களே மூலப் படத்தில் வைத்து, அளவீட்டை உருவாக்கி, மீட்டுப் பாருங்கள். புள்ளி மறைந்திருந்தால் முதலில் டீநாய்சரின் சிக்மாவைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் வரவில்லையென்றால், அந்த இடத்தின் தகவல் அளவீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.