வாடகைக் கார் எடுக்கும் முன்

தாம்பரத்தில் செல்ஃப் டிரைவ் கார் எடுக்கிறீர்களா? கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுத்து எங்காவது மோதினால், இன்ஷூரன்ஸ் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

சாவி வாங்கியதும் காரைச் சுற்றிவந்து வீடியோ எடுங்கள். டார்ச் அடித்து பம்பரின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். அங்கிருந்த விரல் நீளப் பழைய கீறலுக்கு ஒருமுறை என் அட்வான்ஸில் பிடித்தார்கள். காட்ட என்னிடம் படம் இல்லை.

டேமேஜ் கவர் எடுத்தாலும் நம் கையிலிருந்து எவ்வளவு போகும், டயர், கண்ணாடி சேருமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

மழையில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீரில் கார் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறிப் பழுதானால், இன்ஜின் புரொடெக்ட் சேர்க்காத பாலிசியில் பொதுவாகப் பணம் கிடைக்காது.