ஐம்பத்தொன்பது நாள்கள்

2017ஆம் ஆண்டு மே 12, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பலவற்றில் கணினித் திரைகள் ஒரே அறிவிப்பைக் காட்டின. கோப்புகள் பூட்டப்பட்டுள்ளன, 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் செலுத்தினால் அவை திறக்கப்படும் என்பதே அது. நோயாளிகளின் குறிப்புகளைக் காண இயலாமல் அறுவை மருத்துவங்கள் தள்ளிவைக்கப்பட்டன. அவசர ஊர்திகள் வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பிவிடப்பட்டன. 'வான்னாக்ரை' என்னும் அந்நச்சுநிரல் சில நாள்களிலேயே ஏறத்தாழ 150 நாடுகளில் 2,00,000க்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கியது.

எவரும் ஐயத்திற்குரிய மின்னஞ்சலைத் திறக்க வேண்டிய தேவைகூட அதற்கு இல்லை. விண்டோஸ் இயங்குதளத்தில், வலைப்பின்னல் வழியே கோப்புகளைப் பகிரும் பகுதியில் ஒரு குறைபாடு இருந்தது. அதன் வழியே அது கணினிவிட்டுக் கணினி தானே பரவியது. அக்குறைபாட்டை நீக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. மருந்து கைக்கு எட்டி 59 நாள்கள் கழிந்த பின்னரே நோய் வந்தது.

மருத்துவமனைகளின் தயக்கத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. ஊடுகதிர்க் கருவி போன்றவற்றோடு இணைந்த கணினியில் ஒரு மாற்றம் செய்தால் கருவி நின்றுவிடுமோ என்னும் அச்சம் இயல்பானதே. வீட்டுக் கணினிக்கு அத்தகைய காரணம் அரிது. 'பின்னர் நினைவூட்டுக' என்னும் பொத்தானே அங்குப் பெருந்தடை.

திருத்தம் வெளியாகும் நாளில் ஆபத்து குறைவதில்லை. புதுப்பிக்காத கணினிக்கு அது மிகுகிறது. பழைய நிரலையும் புதிய நிரலையும் ஒப்பிட்டு, எங்கு மாற்றம் நிகழ்ந்துள்ளது என்று காண்பவர், ஓட்டை எங்கிருந்தது என்பதையும் அறிந்துகொள்வார். கிழிசலுக்கு இட்ட ஒட்டே கிழிசலின் இடத்தைக் காட்டிக்கொடுப்பது போன்றது இது. புதுப்பிப்பைப் பதிவிறக்கினால் மட்டும் போதாது. இயங்கிக்கொண்டிருக்கும் பகுதிகள் பெரும்பாலும் கணினியை மறுதொடக்கம் செய்த பின்னரே மாறும். விண்டோஸ் எக்ஸ்பி போன்று, ஆதரவு நிறுத்தப்பட்ட இயங்குதளங்களுக்கோ இத்தகைய திருத்தங்கள் வழக்கமாக வருவதேயில்லை.

வான்னாக்ரையின் வேகத்தை இங்கிலாந்து இளைஞர் ஒருவர் தணித்தார். அந்நிரல் தேடிய இணைய முகவரி ஒன்று எவர் பெயரிலும் இல்லாதிருந்தது. அதனை அவர் பதிவுசெய்ததும் பரவல் பெரிதும் அடங்கியது. ஆயினும், புதுப்பிக்கப்படாத கணினிகளில் ஓட்டை அப்படியே இருந்தது. ஜூன் 27 அன்று உக்ரைனில் 'நாட்பெட்யா' என்னும் மற்றொரு நச்சுநிரல் கிளம்பியது. அது பரவிய வழிகளுள் அதே ஓட்டையும் ஒன்று. அன்றைக்குத் திருத்தம் வெளியாகி 105 நாள்கள் ஆகியிருந்தன.