ஆலங்கட்டி மழைக்குப்பின் கூரையைக் கவனித்தல்

பண்பொழி வட்டாரத்தில் ஆலங்கட்டி மழை அரிது. சித்திரை மாதத்து மாலை இடியோடு எப்போதேனும் பெய்தால், சிறுவரோடு பெரியோரும் கட்டி பொறுக்குவதில் ஈடுபட்டுவிடுகின்றனர், கூரையை நோக்குவாரில்லை. ஜூன் தொடக்கத்திலோ ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்றும் சாரலும் வந்துவிடும். நேராகப் பெய்யும் மழை ஓட்டின்மேல் வழிந்தோடிவிடும். காற்று தள்ளும் சாரல் மயிரிழை விரிசலிலும் புகுந்து, கீழுள்ள மரச் சட்டங்களை நாளடைவில் உளுத்துப்போகச் செய்யும். ஆதலின் இடைப்பட்ட சில வாரங்களிலேயே பழுது பார்த்தாக வேண்டும்.

உச்சிவேளையில் கதவுகளைச் சாத்தி, இருட்டறையில் நின்று மேலே பார்த்தால் ஒளிப்புள்ளிகள் தெரியும். அவ்விடங்களில் அடையாளம் இடுக. ஐயமுள்ள ஓட்டைக் கழற்றி விரலால் தட்டினால், நல்ல ஓடு கணீரென்னும்; விரிந்தது மந்தமாக ஒலிக்கும். விரிந்த ஓட்டின்மேல் சிமெண்டு பூசுவது வீண்வேலை; அதனை மாற்றுவதே முறை. ஒரு தொழிற்சாலையின் ஓடு மற்றொன்றின் பள்ளத்தில் பொருந்துவதில்லையாதலால், பழைய ஓட்டொன்றைக் கையோடு கொண்டு சென்று வாங்குதல் நலம்.

கல்நார்த் தகடு வேய்ந்தோர் அதன்மேல் ஏறலாகாது. ஆள் பாரம் தாங்காது உடையும். அதன் தூளும் நுரையீரலுக்குக் கேடு. நீர் தெளித்து நனைத்த பின்னரே அகற்றுக.

இவற்றுக்கெல்லாம் முன்னர், சேதத்தைப் புகைப்படம் எடுத்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்குரிய இடர்களுள் ஆலங்கட்டி மழையும் ஒன்று. ஆயினும், 2022ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, பகுதிச் சேதம் குறைந்தது 15 விழுக்காடு இருத்தல் வேண்டும். உடைந்த ஓடுகளை வாரிக் கொட்டிவிட்டு மனு எழுதுவோர்க்கு இதனை மெய்ப்பிப்பது கடினம்.