இரண்டாவது ஓட்டம்

காலை மணி ஆறரை. புத்ராஜெயா ஏரியின் மேல் இருள் இன்னும் முழுமையாக விலகவில்லை. சாலை விளக்குகளின் மஞ்சள் ஒளியில் நூற்றுக்கணக்கானோர் கைகால்களை நீட்டி மடக்கித் தங்களைத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்தனர். அவர்களுக்கிடையே ஓர் ஆசிரியையும் நின்றிருந்தார். வயது முப்பத்து நான்கு. இடைநிலைப்பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிப்பவர். பள்ளிப் பருவத்தில் எந்தப் போட்டியிலும் ஓடாதவர். விளையாட்டு நாள்களில் கூடார நிழலில் அமர்ந்து தோழியரின் காலணிகளுக்குக் காவலிருந்தவர். அன்றுதான் முதன்முறையாகப் போட்டி எண்ணைத் தம் சட்டையில் குத்தியிருந்தார்.

அதற்குக் காரணம் ஒரு வெற்று விடைத்தாள்.

நான்கு மாதங்களுக்கு முன் நான்காம் படிவ மாணவன் ஒருவன் கணிதச் சோதனையில் ஒரு வரிகூட எழுதாமல் தாளைக் கொடுத்தான். “எனக்குக் கணக்கு வராது டீச்சர்” என்றான். “முயன்றால் வரும்” என்றார் ஆசிரியை. அவன் சற்றுத் தயங்கி, “உங்களுக்கு வராதது எதுவுமே இல்லையா டீச்சர்?” என்று கேட்டான். அவர் மறைக்க விரும்பவில்லை. “ஓட்டம் வராது” என்றார். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால், வீட்டிற்குச் சென்ற பின்னும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. ‘முயன்றால் வரும்’ என்று மாணவனுக்குச் சொன்னவர் தாம் முயன்றதுண்டா?

அந்த வாரமே அவர் ஒரு டுவாத்லான் போட்டிக்குப் பதிவு செய்தார். ஓட்டம், மிதிவண்டி, மீண்டும் ஓட்டம் ஆகிய மூன்று கட்டங்களைக் கொண்டது டுவாத்லான். நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகியவற்றை இணைக்கும் டிரையத்லானின் உடன்பிறப்பு என்று இதனைக் கூறலாம். நீச்சல் அறியாதவர்களும் இதில் கலந்துகொள்ள முடியும். சுவிட்சர்லாந்தின் சோஃபிங்கன் நகரில் 1989ஆம் ஆண்டு தொடங்கிய பவர்மேன் போட்டி இவ்விளையாட்டில் புகழ்பெற்றது. அப்பெயர் கொண்ட போட்டி புத்ராஜெயாவிலும் நடைபெற்று வந்துள்ளது. 2019ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸில் நடைபெற்ற சீ விளையாட்டுப் போட்டியிலும் டுவாத்லான் இடம்பெற்றது. அனைத்துலக அளவில் 10 கிலோமீட்டர் ஓட்டம், 40 கிலோமீட்டர் மிதிவண்டி, 5 கிலோமீட்டர் ஓட்டம் என்பது வழக்கமான தொலைவு. புதியவர்களுக்காகக் குறைந்த தொலைவுப் பிரிவுகளும் உண்டு. ஆசிரியை தேர்ந்தெடுத்த பிரிவில் 5 கிலோமீட்டர் ஓட்டம், 30 கிலோமீட்டர் மிதிவண்டி, மீண்டும் 5 கிலோமீட்டர் ஓட்டம். அனைத்தையும் மூன்று மணி நேரத்திற்குள் முடிக்க வேண்டும்.

அவருடைய மாமா ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். பல ஆண்டுகளாக மிதிவண்டி ஓட்டி வருபவர். தம் பழைய மிதிவண்டியைத் துடைத்து, எண்ணெயிட்டு, மருமகளிடம் ஒப்படைத்தார். மருத்துவப் பரிசோதனைக்குப் பின் பயிற்சி தொடங்கியது. வாரத்தில் இரண்டு நாள் மெதுவோட்டம். ஒரு நாள் மிதிவண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இரண்டும் சேர்ந்து வரும். மிதிவண்டியை விட்டு இறங்கியவுடன், உட்காராமல், இருபது நிமிடம் ஓட வேண்டும்.

முதல் ஞாயிறன்று இறங்கி ஓட முயன்றபோது அவருடைய கால்கள் மரக்கட்டைகள் போலாயின. “என் கால்கள் எனக்குச் சொந்தமில்லாதவை போல இருக்கின்றன மாமா!” என்றார். மாமா சிரித்தார். மிதிவண்டியில் உடலின் எடையைப் பெரும்பாலும் இருக்கை தாங்குகிறது; கால்கள் ஒரே வட்டத்தில் சுழல்கின்றன. ஓட்டத்திலோ ஒவ்வோர் அடியிலும் முழு எடையையும் ஒற்றைக் கால் தாங்க வேண்டும். ஒரு வேலைக்குப் பழகிய தசைகள் திடீரென்று வேறொரு வேலைக்கு மாறத் தடுமாறுகின்றன. மீண்டும் மீண்டும் பயிற்சி செய்தால் அந்தத் தடுமாற்றம் குறையும். “முதல் ஓட்டத்தில் யார் முந்தினாலும் முந்தட்டும்மா. இரண்டாவது ஓட்டத்தில்தான் போட்டியே தொடங்குகிறது. பதறாத காரியம் சிதறாது” என்றார் மாமா.

ஊதல் ஒலித்தது. கூட்டம் பாய்ந்து சென்றது. மாமாவின் அறிவுரை அந்தப் பாய்ச்சலில் மறந்துபோனது. சுற்றிலும் இருந்தவர்கள் விரைந்தார்கள், ஆசிரியையும் விரைந்தார். உடல் இலேசாக இருந்தது. ‘ஓட்டம் எனக்கும் வருகிறதே!’ என்று மனம் துள்ளியது. ஒரு கிலோமீட்டர் பலகையைக் கடந்தபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 5 நிமிடம் 40 வினாடி. திட்டமிட்டதோ ஏழரை நிமிடம்!

மூச்சு வாங்கியது. பக்கத்தில் ஓடியவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச அவரால் முடியவில்லை. பேச முடியாத வேகம் நெடுநேரம் நிலைக்காது என்பது பயிற்சியில் கற்ற பாடம். அவர் வேகத்தைக் குறைத்தார். உடனே பின்னாலிருந்து பலர் அவரை முந்தினர். தலைநரைத்த முதியவர் ஒருவரும் பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியும்கூட முந்தினர். ஓட முடியாமல் தவித்ததைவிட, ஓட முடிந்தும் வேகத்தை அடக்கிக்கொள்வது கடினமாக இருந்தது. முதல் ஓட்டத்தை 36 நிமிடத்தில் முடித்தார்.

அடுத்து, மிதிவண்டிகள் வரிசையாக மாட்டப்பட்டிருந்த மாறுமிடம். இங்கு விதிகள் கண்டிப்பானவை. தலைக்கவசத்தை அணிந்து வாரைப் பூட்டிய பின்னரே மிதிவண்டியைத் தாங்கியிலிருந்து எடுக்க வேண்டும். அதனைத் தள்ளிக்கொண்டு சென்று, குறித்த கோட்டைத் தாண்டிய பிறகே ஏற வேண்டும். திரும்பும்போது கோட்டிற்கு முன்பே இறங்கிவிட வேண்டும். மிதிவண்டியை மாட்டிய பிறகே தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டும். ஆசிரியையின் விரல்கள் நடுங்கின. வார் இரண்டு முறை நழுவியது. பக்கத்தில் ஓர் இளைஞர் தலைக்கவசம் அணியாமலேயே மிதிவண்டியை இழுத்தார். நடுவர் ஊதலை ஊதி அவரை நிறுத்தினார். சில வினாடிகளை மிச்சப்படுத்த நினைத்தவர் பல வினாடிகளை இழந்தார். ஆசிரியை ஒருமுறை ஆழ்ந்து மூச்சு விட்டார். மூன்றாம் முயற்சியில் வார் பூட்டிக்கொண்டது.

மிதிவண்டிப் பாதை பாலங்களின் மீது ஏறி இறங்கியது. ஏரிக்காற்று எதிரே வீசியது. முன்னால் செல்பவரை ஒட்டிச் சென்றால் காற்றின் எதிர்ப்பு குறையும். ஆனால், பொதுமக்களுக்கான போட்டிகளில் பெரும்பாலும் அதற்கு அனுமதி இல்லை. அவரவர் காற்றை அவரவரே எதிர்கொள்ள வேண்டும். ஏற்றத்தில் பல்லைக் கடித்து மிதிக்காமல் பற்சக்கரத்தை மாற்றி இலகுவாக மிதித்தார். தாகம் எடுக்கும்போதெல்லாம் சிறிது சிறிதாகத் தண்ணீர் அருந்தினார். நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் மிகுதி. அதனால் வியர்வை விரைவில் உலர்வதில்லை. உடலின் சூடு எளிதில் தணிவதில்லை. இத்தகைய போட்டிகள் விடியற்காலையில் தொடங்குவதற்கு அதுவே காரணம்.

மாறுமிடத்தில் மிதிவண்டியை மாட்டிவிட்டு வெளியே வந்தபோது இரண்டு மணி பத்து நிமிடம் கடந்திருந்தது. மீதமிருந்தது ஐம்பது நிமிடம். வெயில் ஏறிவிட்டது. கால்கள் மீண்டும் மரக்கட்டைகளாயின. இம்முறை அவர் அஞ்சவில்லை. இந்தக் கால்களை அவருக்குத் தெரியும். பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பழகிய கால்கள் அவை. குறுகிய அடிகள் வைத்து, மெல்ல ஓடினார். ஒரு கிலோமீட்டருக்குப் பிறகு கால்கள் சற்று இளகின. மூன்றாம் கிலோமீட்டரில் விலா வலித்தது. நடந்தார். ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை நடப்பது. பிறகு இரண்டு கம்பங்கள் வரை ஓடுவது. அவ்வளவே அவருடைய கணிதம். வழியில், தொடக்கத்தில் பறந்து சென்ற சிலர் சாலையோரம் குனிந்து நின்றுகொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவரிடம், “வாருங்கள், அடுத்த கம்பம் வரை” என்றார். அந்த மனிதர் நிமிர்ந்து, அவருடன் நடக்கத் தொடங்கினார்.

இறுதிக் கோட்டைக் கடந்தபோது கடிகாரம் 2 மணி 56 நிமிடம் காட்டியது. கோட்டின் அப்பக்கம் மாமா கைதட்டிக்கொண்டிருந்தார். ஆசிரியையால் பேச முடியவில்லை. கண்கள் மட்டும் நிறைந்திருந்தன.

திங்கட்கிழமை வகுப்பில் நுழைந்ததும் மாணவர்கள், “எத்தனையாவது இடம் டீச்சர்?” என்று கேட்டனர்.

“எனக்குப் பின்னால் பதினொரு பேர்தான் வந்தார்கள்” என்றார் ஆசிரியை. வகுப்பு மீண்டும் சிரித்தது. அவர் வெண்பலகையில் தம் நேரங்களை எழுதினார்: 36, 4, 86, 4, 46. ஓட்டம், மாற்றம், மிதிவண்டி, மாற்றம், ஓட்டம். “கூட்டிப் பாருங்கள். முதல் கிலோமீட்டரில் செய்த தவற்றை நான் திருத்தாமல் போயிருந்தால், கடைசி எண் இங்கு இருந்திருக்காது” என்றார்.

பின்வரிசையிலிருந்து அந்த மாணவன் கேட்டான்: “நடுவில் நடந்தீர்களா டீச்சர்?”

“நடந்தேன். பல முறை.”

அவன் எதுவும் சொல்லவில்லை. அந்த வாரச் சோதனையில் அவனுடைய தாள் வெறுமையாக இல்லை. ஐந்து கேள்விகளில் இரண்டிற்கு விடை எழுதியிருந்தான். மூன்றாவது பாதியில் நின்றிருந்தது. ஆசிரியை அந்தப் பாதி விடையின் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு வரி எழுதினார்:

‘அடுத்த கம்பம் வரை.’