சாம்பல் கால் சேவல்

முருகனோட வாகனம் மயில்னு சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். கொடியில இருக்கிற சேவலை யாரும் நின்னு பார்க்கிறதில்லை. சூரபத்மனின் ஒரு பாதி மயிலாகவும் மறுபாதி சேவலாகவும் ஆனது என்கிறது கந்தபுராணம். புகழ் என்னவோ மயிலுக்குத்தான். அந்தச் சேவலின் காட்டு வடிவத்தை நம்ம புக்கிட் பாஞ்சாங்கில், ஸெங்ஹுவா இயற்கைப் பூங்கா ஓரத்திலேயே பார்க்கலாம். காய்ந்த இலையைக் கிளறிக்கிட்டு இருக்கும். பெயர் சிவப்புக் காட்டுக்கோழி.

"யாரோ வளர்த்த கோழி தப்பிச்சு வந்திருக்கு" என்று பலர் நினைக்கிறாங்க. கதை தலைகீழ். நம்ம பிரியாணிக் கோழிக்கே இதுதான் மூதாதை. தென்கிழக்காசியாவில் மனிதர்கள் பயிரிட்ட நெல்லும் தினையும் இதைக் காட்டிலிருந்து வயலுக்கு இழுத்தன, அங்கிருந்து வீட்டுக்கு. வீட்டுக்கோழியின் மிகப் பழைய எலும்புகள் மத்திய தாய்லாந்தில் கிடைத்தவை, சுமார் 3,500 ஆண்டுப் பழமை என்று 2022-இல் வந்த ஆய்வு சொல்கிறது.

அடையாளம் காண்பது எப்படி? சேவலின் கழுத்தில் பொன்னும் ஆரஞ்சும் கலந்த நீண்ட இறகுகள். பச்சை மின்னும் கருப்பு வால், அதன் அடியில் வெள்ளைத் திட்டு. ஆனா முதல்ல காலைப் பாருங்க. சாம்பல் நிறமா இருக்கணும். மஞ்சள் கால் என்றால் வீட்டுக்கோழி ரத்தம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது தெரியுமா? வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு இந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழி கொடுத்தது என்று 2008-இல் கண்டுபிடித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் நம்ம ஊர்ப் பறவை! பேர்ல சாம்பல் உள்ளது மஞ்சளைக் கொடுத்திருக்கு, பேர்ல சிவப்பு உள்ளதுக்குக் கால் சாம்பல். பேர் வெச்சவங்களைத்தான் கேட்கணும்.

இது நல்லாவே பறக்கும். இரவில் மரக்கிளையில் தூங்கும். கூவும்போது கடைசி 'கோ' வெட்டுப்பட்ட மாதிரி சட்டென்று நிற்கும். புழு கிடைத்தால் சேவல் தான் விழுங்காமல், குரல் கொடுத்துப் பெட்டையைக் கூப்பிடும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அந்தப் பொன் இறகெல்லாம் உதிர்ந்து, சில மாதம் கழுத்து கருத்துப் போயிருக்கும். பெட்டை தரையிலேயே முட்டையிட்டு, ஏறக்குறைய மூன்று வாரம் அடைகாக்கும்.

வேட்டையைவிட இதுக்கு இங்கே பெரிய ஆபத்து கலப்புதான். வீட்டுக்கோழியோடு சேர்ந்து குஞ்சு பொரிக்கப் பொரிக்க, காட்டுக்கோழி தலைமுறைக்குத் தலைமுறை கரைஞ்சுகிட்டே போகும். கடையில் வாங்கின கோழியை, புண்ணியம்னு நினைச்சுக் காட்டில் விடுவது இதைத்தான் வேகப்படுத்துது. 2017-இல் சின் மிங் வட்டாரத்தில் சத்தம் தாங்கலைன்னு புகார் வந்து 24 கோழிகளைக் கொன்றார்கள். அவை காட்டுக்கோழியா, வீட்டுக்கோழியா, கலப்பா என்று அப்பவே வாக்குவாதம் வந்தது. சோறு போடுவதும் உதவி இல்லை. காட்டை விட்டு புளோக் அடிக்கு வரப் பழக்கும், அடுத்தது புகார்தான். 2020 ஜூன் முதல் காட்டு விலங்குகளுக்கு உணவளித்தால் முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம்.

காலை ஏழு மணி வாக்கில் போனா நல்லா பார்க்கலாம். கொஞ்சம் தள்ளியே நில்லுங்க, காலைப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க.